கைரியா கடையில் நடந்த நிக்காஹ்

இரண்டு ரிசீவர்களையும் தலைமாற்றிப் படுக்கவைத்து, நடுவில் ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டு, கைரியா தேத்தண்ணியை எடுத்துக்கொள்கிறாள். ஒன்றில் லண்டன் மகன். மற்றதில் வவுனியாவில் காத்திருக்கும் தாய். நேரே எடுபடாத லைன் அக்குறணையில் இவளுடைய மேசையில் சேர்ந்துகொள்கிறது. அழுகைச் சத்தம் வந்தால் எழுந்து வாசலில் போய் நிற்பாள்.

கைரியா என் சாச்சா மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய உம்மா வழியில் எனக்கு மச்சியும் ஆவாள். மாத்தளை றோட்டில் கொமியுனிகேஷன் கடை. பெக்ஸ் மெஷினில் தாளாக வந்ததை டெலிபோனில் வாசிப்பாள். டெலிபோனில் வந்ததைத் துண்டில் எழுதி மடவளை பஸ்காரரிடம் கொடுப்பாள். கேட்டால், "எல்லாம் ஒரே டேங்குத் தண்ணிதான், பைப்பு மட்டும்தான் வேற" என்பாள்.

மாவனல்லையில் கடைகள் எரிந்த வருஷம் அது. எங்கள் ஊர் றிஸானாவின் கலியாணக் கிழமையில் கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தாக்கினார்கள். றியாத்தில் ட்ரைவராக இருந்த அவளுடைய வாப்பா நஸீம், பிளேன் இல்லாமல் டிக்கட்டும் கையுமாக அங்கேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளை திகன ஊர்க்காரர். வாப்பா வராத கலியாணத்தைப் பிறகு பார்ப்போம் என்று அவருடைய மாமா சொல்லியனுப்பினார். பிறகு என்றால் இல்லை என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். றிஸானா மருதாணிக் கையோடு மூலையில் இருந்துவிட்டாள்.

கைரியா சொன்னபடி நஸீம் பெக்ஸ் அனுப்பினார்: என் மகளைக் கட்டிக்கொடுக்கத் தம்பி மஹ்மூதுக்குச் சம்மதம் கொடுக்கிறேன். கலியாணப் பதிவுகாரர் சாஹுல் ஹமீது அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த மகள்? அவருக்கு ரெண்டு பொம்புளப் புள்ள ஈக்கே."

அந்தக் கிழமை எல்லாருக்கும் மகள் என்றால் றிஸானாதான். வாப்பாவுக்குப் பேர் எழுதத் தோன்றவில்லை. போனில் கேட்போம் என்றதற்கும் பதிவுகாரர் இணங்கவில்லை. ஒருத்தர் காதுக்குள் கேட்டால் போதாது, சாட்சிகளும் கேட்க வேண்டும். குரல் யாருடையது என்று காட்டக் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

"கொரலும் எழுத்தும் ஒண்டா வரணும். அவ்வளவுதானே?" என்றாள் கைரியா. "எல்லாரையும் கடைக்குக் கூட்டி வாங்க."

திகன மாமாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். மாப்பிள்ளை வாடிக்கையாளர் கதிரையில் உட்கார்ந்தார். கலியாண வீட்டு மைக்கைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு ரிசீவரில் வைத்துக் கட்டினாள் கைரியா. மற்ற லைனைப் பெக்ஸுக்கு விட்டாள்.

"நானா, புள்ளட பேர் போட்டு ஒப்பம் வெச்சு அனுப்புங்க. தாள் போகப் போக வாய்விட்டு வாசிங்க" என்றாள் நஸீமிடம்.

மெஷினிலிருந்து தாள் மெல்ல இறங்கியது. பதிவுகாரர் விரல் வைத்துப் பார்த்தார். விரல் நின்ற அதே வரியை நஸீமின் குரல் ஒலிபெருக்கியில் சொன்னது. என் மூத்த மகள் றிஸானாவை என்று மாத்தளை றோட்டு முழுக்கக் கேட்டது. கண்டி பஸ் ஒன்று நின்றுவிட்டது, ஜன்னல்களில் தலைகள். பெண்கள் குரவையிட்டார்கள்.

"இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க" என்று பதிவுகாரர் புத்தகத்தை விரித்தார். திகன மாமாவே முதல் சாட்சி. மஹ்மூத் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹை முடித்தார்.

அடுத்து மாப்பிள்ளை மாமனாருக்குக் கைகொடுத்து ஸலாம் சொல்ல வேண்டும். கைரியா ரிசீவரை நீட்ட, அவர் காதில் வைக்கப் போனார்.

"காதுல வேணாம் மகன். மொதல்ல கையக் குடுங்க."

அவர் இரண்டு கைகளாலும் ரிசீவரைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். கைரியா முக்காட்டை இழுத்துவிட்டு அதன் வாய்ப்பக்கம் குனிந்தாள்.

"நானா, புடிச்சிட்டார்."