ஈயக்குண்டு இல்லாத அங்கி

என் மூத்த மருமகள் பெரியவள், இளையவள் சின்னவள். வீட்டில் பெயரே அதுதான். இரண்டு பேரும் ஒரே கார்மென்ட்ஸில் அடுத்தடுத்த மெஷினில் சட்டைக்குக் காலர் தைத்தவர்கள். சொந்தமாக ஒரு தையல் கடை வேண்டும் என்று பெரியவள் வேண்டிக்கொள்ளாத ஜெபக்கூட்டம் இல்லை. "ஆண்டவர் இந்தப் பயத்தை எடுக்கட்டும் அத்தை, மறுநாளே வேலைய விட்டுடுறேன்" என்பாள். பயமும் போகவில்லை, அவளும் வேலையை விடவில்லை.

சின்னவள் போன வருஷம்தான் சபைக்கு வர ஆரம்பித்தாள். வந்த வேகத்தில் வேலையை விட்டாள். மருந்துக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து மெஷினைப் போட்டாள். கேட்டால், "அவர் பார்த்துப்பாரு" என்று ஒரே பதில். துணியும் வந்து குவிந்தது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

"நேத்து வந்தவளுக்கு உடனே குடுக்குறாரு. நான் மட்டும் வரிசையில நிக்கணுமாக்கும்" என்று என்னிடம் பொருமினாள். நான் என்ன, ஆண்டவருக்குக் காரியதரிசியா?

சின்னவளின் ஞானஸ்நான நாள் வந்தது. சபையில் வெள்ளை அங்கி தைப்பது எப்போதும் பெரியவள்தான். தண்ணீருக்குள் இறங்கும்போது அங்கி மேலே மிதந்து மானத்தை வாங்கிவிடாமல் இருக்க, கீழ் மடிப்புக்குள் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளை வைத்துத் தைப்பாள். ஆலயத்தின் பின்னறையில் சின்னவளுக்கு அங்கியை மாட்டிவிடும்போது மடிப்பைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மறக்கிற ஆளா பெரியவள்? பக்கத்தில் நின்ற அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்தாள். "அக்கா, தண்ணின்னா எனக்கு உயிரே போயிடும். யார்கிட்டயும் சொல்லல."

"உனக்கா? கடை போட்டப்போ சிரிச்சுக்கிட்டே போனியே."

"அன்னைக்குக் காலைல வாந்தியே எடுத்தேன்க்கா. பயம் போகட்டும்னு காத்திருந்தா இன்னும் காலர்தான் தச்சுக்கிட்டு இருப்பேன். பயத்தையும் கூட்டிக்கிட்டுதான் மாடியேறினேன். மிச்சத்த அவர் பார்த்துக்கிட்டாரு."

இவளுக்கு மட்டும் தைரியத்தைக் கொடுத்துவிட்டார் என்றுதான் பெரியவள் இத்தனை நாளும் எரிந்தாள். இவளிடமும் அது இல்லை என்று தெரிந்ததும் அந்த எரிச்சல் முழுக்கத் தன் மேலேயே திரும்பியது. முகம் கறுத்துப் போய்விட்டது.

"அதைக் கழட்டு" என்றாள். "குண்டு வைக்கல. வேணும்னேதான் வைக்கல."

குண்டுகள் கைப்பையிலேயே இருந்தன. வீட்டில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை போலிருக்கிறது. தரையில் உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தாள். வெளியே பாடி முடித்த பாட்டையே மறுபடி ஆரம்பித்தார்கள். சின்னவள் ஊசியில் நூலைக் கோத்துக் கோத்துக் கொடுத்தாள்.

கடைசி முடிச்சைப் பல்லால் கடித்துவிட்டு, தலை நிமிராமலே பெரியவள் கேட்டாள்: "உன் ரூம்ல இன்னொரு மெஷின் போட இடமிருக்கா? எனக்கு இன்னும் பயம் போகல."