ஜோடி வராத பாம்பு

மலேசியாவில் பீடோருக்கு முந்திய எஸ்டேட் முனையில் டயர் மாற்றப் பேருந்து நிற்கிறது. எதிரே ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்து எரித்த மேட்டில், எண்ணெய்க்கான செம்பனைக் கன்றுகள் முழங்கால் உயரத்தில். அதற்குப் பின்னால் இருந்த காட்டையும் வழித்தெடுத்துவிட்டார்கள்.

தேநீர்க் கடையின் வாசற்படியில் பூண்டு வாடை அடிக்கிறது. மேசைமேல் மிட்டாய்ப் போத்தல் ஒன்றில் பாம்பு ஒன்று சாராயத்தில் சுருண்டு கிடக்கிறது. நீலக் கறுப்பு உடம்பு, சிவந்த தலை, சிவந்த வால். கொடிய விஷம். இதை உயிரோடு ஒருமுறை பார்க்கத்தான் மூன்று நாளாக இந்தப் பக்கத்துக் காடுகளில் அலைந்தேன்; கண்ணில் படவில்லை.

முன்பு பால் வெட்டிய அக்காதான் இப்போது கடை நடத்துகிறார்.

"நாந்தான் அடிச்சேண்ணே. பால் வாளிகிட்ட கெடந்துச்சு. அடிச்ச பெறகுதான் பயம் லா. ஒண்ண அடிச்சா அதோட ஜோடி தேடி வரும்ல? லயத்து வீட்டுல யாருமே தூங்கல. ஆம்பளைங்க பாராங் கத்தியோட காவல் இருந்தாங்க."

"வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? ஆறு வருசமாச்சு. லயத்தயே இடிச்சிட்டாங்க. அது இன்னும் வரல."

சொல்லிக்கொண்டே, பாம்பு அண்டாமலிருக்கப் பூண்டு நசுக்கிக் கரைத்த தண்ணீரை வாசலில் தெளிக்கிறார். பொழுது சாய்ந்தால் தினமும் தெளிப்பாராம்.

என் குறிப்பேட்டில் அந்தப் பாம்பின் பெயருக்கு நேரே 'அரிது' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். இனி அது வராது, அக்கா நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன். சொன்னால் அது இங்கே இனி இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்; குறிப்பேட்டை மூடிவிட்டுப் பேருந்தில் ஏறுகிறேன்.