வெறுந்தண்ணியில் வந்த சிப்பி

கடல்தண்ணியை மொண்டு வந்து, அதில் என்னென்ன உயிர் இருந்தது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் தொழில். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் வாங்கிக் கட்டிக்கொள்ளும் தோழர்களே, இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே தர மாட்டேன். முதலில் படகு.

படகின் அடிவயிறு

விழுப்புரத்தில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். லீவில் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி. நானும் டெக்னீஷியன் தனம் அக்காவும் திண்டிவனத்தில் பஸ் மாறி மரக்காணம் போவோம். படகின் அடியில் அப்பியிருப்பதைச் சுரண்டுவோம், பக்கத்துத் தண்ணியைப் பாட்டில்களில் பிடிப்போம். வெளிநாட்டுச் சிப்பி ஒன்று கப்பலோடு ஒட்டி வந்து, நம்மூர்ச் சிப்பிகளைத் துரத்திவிட்டுக் கொத்துக்கொத்தாய்க் குடியேறுகிறது. குஞ்சாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, மரபணு காட்டிக்கொடுத்துவிடும்.

காசிம் பாய், துபாயிலிருந்து திரும்பி வந்து படகு வாங்கியவர். அதை வேறு கழிமுகத்துக்குக் கொண்டுபோக எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார். சிப்பி இருந்தால் கரையேற்றிச் சுரண்டிக் காயப்போட வேண்டும், சீசனே போய்விடும். விளக்கமெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "படகுக்கு ரத்த டெஸ்ட்டுன்னு சொல்லு. ஜல்தியா சொல்லுப்பா, பேஜாரா இருக்குது."

ஒண்ணுமில்லாத பாட்டில்

ஒவ்வொரு தடவையும் வெறுந்தண்ணி என்று சுத்தமான தண்ணி ஒரு பாட்டில் கூடவே வரும். கரையில் திறந்து மூடி, மற்றதைப் போலவே வடிகட்டுவோம். அதில் சிப்பியின் தடம் தெரிந்தால் எங்கள் கைப்பட்டுக் கலந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எடுத்தது மொத்தமும் வீண். பாட்டில்களுக்கு நம்பர்தான், பெயர் கிடையாது. ஆய்வுக்கூடத் தலைவர் சார் ரிசல்ட் பார்த்து நம்பரைச் சொன்னால், எந்த நம்பர் எதென்று குறித்து வைத்த தன் நோட்டோடு அக்கா ஒத்துப்பார்ப்பார். இந்தத் தடவை வெறுந்தண்ணி ஏழாம் நம்பர், ஒட்டியது நான்தான். சிரிப்பு இன்னும் வரவில்லை, தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஏழாம் நம்பரைத் தூக்கினார். "இதுல என்னா?"

"ஒண்ணுமில்லண்ணா."

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா ஐசு?"

சாரின் தொண்டை

எனக்கு எல்லார் குரலும் வரும். பாய், கண்டக்டர், சுழல்கிற மிஷின் நிற்கும்போது விடும் பெருமூச்சுகூட. சார் தனி ரகம்: இரண்டு செருமல், ஒரு "வந்து...", பிறகுதான் விஷயம். நாலு நாள் கழித்து, சார் டீ குடிக்கப் போன நேரம் அவர் ரூம் இன்டர்காமை எடுத்துச் செருமினேன். "வந்து... தனம்மா, வெறுந்தண்ணியில சிப்பி வந்துருக்கு. எல்லாம் வேஸ்ட்."

எதிர்முனையில் அக்கா: "சரிங்க சார்."

சிரிக்கத் தயாராக ஓடினேன். அக்கா ஒரு தட்டு டியூப்களைக் குப்பைப் பெட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என் சிரிப்பு நின்றது. பாயின் படகும் நின்றது. உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். ஊரார் குரலெல்லாம் வந்த தொண்டையில் என் குரல் மட்டும் வரவில்லை. அக்கா திரும்பாமலே சொன்னார்: "நின்னுக்கினு இருக்காத. போய் திரும்ப மொண்டுகினு வா."

உச்சி வெயில்

இரண்டு பஸ், ஒரு ஐஸ் பெட்டி. வழியெல்லாம், பாயிடம் எந்தக் குரலில் ஒப்புக்கொள்வது என்று யோசித்தேன். கரையில் அவர் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், போயிடாதீங்க! ரிசல்ட்டு..."

"காலையிலயே வந்துடுச்சே. படகு சுத்தம்னு உங்கக்கா போன் பண்ணிச்சு." வலையைக் கீழே வைத்தார். "இப்ப மறுபடி பண்ணிச்சு. நீ வருவியாம், ஒண்ணு சொல்லணுமாம். எனக்கு விளங்கல, உனக்கு விளங்குமாம்." நெற்றியைச் சுருக்கி ஒப்பித்தார்: "'எது வெறுந்தண்ணின்னு சாருக்கே தெரியாதேடா.'"

சாரின் செருமல்வரை அச்சாக எடுத்த நான், அவருக்குத் தெரியாததை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன்.