தவறிய நிறுத்தம்: ஒன்று

எங்கள் பஸ் டிப்போவின் ஓய்வறையில் சக்கரம் வைத்த ஒரு பெரிய பலகை நிற்கிறது. அதன் முன்பக்கம் என்னுடையது. எந்த வண்டிக்கு யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று தினமும் எழுதுவது என் வேலை. பதினெட்டு வருடமாக எழுதி எழுதி எனக்கு ‘டூட்டியம்மா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. பின்பக்கம் பொதுச்சொத்து. யார் என்ன கேம் விளையாடுகிறார்கள், அது எப்படி இருக்கிறது என்று அவரவர் கையால் அதில் எழுதி வைப்பார்கள். இதற்குக் காரணமும் நான்தான். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல் ஒருநாள் கத்தினேன். “அப்படி என்னதான் இருக்கு அதுல? வாயைத் திறந்து பேசத்தான் மாட்டீங்க, எழுதியாவது தொலைங்களேன்!”

எழுதித் தொலைத்தார்கள். ஒரு கண்டக்டரம்மா எழுதினாள்: “மிட்டாய் உடைக்கிறது. 412வது லெவல். மூணு நாளா தாண்ட முடியல. போனைத் தூக்கிச் சுவத்துல அடிக்கத் தோணுது.” கூட்டிப் பெருக்குகிற அக்கா எழுதினார்: “விவசாயம் பண்ற கேம். தக்காளி பழுக்க ஆறு மணி நேரம். என் புருஷனுக்குக்கூட நான் இவ்வளவு காத்திருந்ததில்ல.” பட்டறை மெக்கானிக்கை நாங்கள் ‘கிரீஸ்’ என்றுதான் கூப்பிடுவோம்; அவன் துப்பாக்கி கேம் ஆடுகிறவன். “கூட ஆடுறதெல்லாம் பொடிப்பசங்க. குரலைக் கேட்டுட்டு என்னை அங்கிள்ங்கிறானுங்க. மனசு விட்டுப்போச்சு” என்று எழுதியிருந்தான். கேம் எல்லாம் வெட்டி வேலை என்று சொல்லும் மேனேஜர்கூட யாரும் இல்லாதபோது வந்து, “மீன் தொட்டி கேம். மனதுக்கு அமைதி” என்று கிறுக்கிவிட்டுப் போயிருந்தார். கையெழுத்து எனக்குத் தெரியாதா?

இவ்வளவையும் சொல்வது பதினேழண்ணனைப் பற்றிச் சொல்லத்தான்.

இருபத்திரண்டு வருடம் பதினேழாம் நம்பர் வண்டி ஓட்டியவர். ஆளையே ‘பதினேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பலகையின் முன்பக்க மூலையில் ‘விட்ட நிறுத்தம்’ என்று ஒரு கட்டம் உண்டு. கை காட்டி நிற்கும் பயணியை ஏற்றாமல் ஓட்டிப்போன டிரைவர், மறுநாள் காலை எல்லார் முன்னாலும் தன் வண்டி நம்பரையும் நிறுத்தத்தின் பெயரையும் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். மேலிடத்துச் சட்டம் ஒன்றும் இல்லை. எங்கள் டிப்போவின் பழக்கம். அபராதம்கூடப் பரவாயில்லை, இதற்குத்தான் டிரைவர்கள் பயப்படுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அண்ணன் கை அந்தக் கட்டத்தின் பக்கம் போனதில்லை.

போன வருடம் ஒரு காலையில், கடைசி நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலிப்பு. நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. ஒரு வருடம் முழுக்க வலிப்பு வரக் கூடாது, சில நொடி நினைவு தப்பினாலும் அதுவும் கணக்குத்தான், அப்படி வராமலிருந்தால் பரிசோதித்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பித் தரலாம் என்றார் டாக்டர். அதுவரை அண்ணனைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்பு ஒன்று, இவற்றுக்கு நடுவில் அவர். வெளியே பதினேழு கிளம்பும் சத்தம் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கும் பேனா நிற்கும். அந்தச் சத்தம் கேட் தாண்டிப் போகும்வரை அசைய மாட்டார். எனக்குப் பார்க்கவே பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். தினமும் மூன்று நாற்பதுக்கு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பதினேழில் ஏறி, மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் உட்காருவார். நானும் வேலை முடிந்து அதே வண்டியில்தான் போவேன். டிரைவரிடம் பேசக் கூடாது என்று போர்டு இருப்பதால் அண்ணி ஒரு நாளும் அவரிடம் பேசியதில்லை. தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் இருவரும் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

“வீட்டுல பேசினதைவிட அந்தக் கண்ணாடில பேசினதுதான் அதிகம் தெரியுமா?” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார் அண்ணி. “வீட்டுல எப்பப் பாரு, குழாய் ஒழுகுது, உப்பு தீர்ந்துபோச்சு. அங்கதான் அவர் என்னைப் பார்ப்பாரு. இப்பவும் ஏறி உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்க்கிறேன். வேற யாரோ கண்ணு. ஏன்தான் பார்க்கிறேனோ.”

வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளையும் அடித்துக்கொண்டே வந்தார் அண்ணி.

தொலைந்த பொருள் அறைக்கு ஒருநாள் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே கேம் விளையாடுகிற ஸ்டியரிங், கீழே வைக்கும் பிரேக், ஆக்சிலேட்டர். யாரோ வாங்கிக்கொண்டு போகும் வழியில் வண்டியிலேயே விட்டுவிட்டார்கள். மூன்று மாதம் தேடி வராத பொருள் டிப்போவுக்குச் சொந்தம். அந்தக் கெடு முடிந்ததும் கிரீஸ் அதை அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் பொருத்தி, பஸ் ஓட்டுகிற கேம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தான். அண்ணன் உடனே தொடவில்லை. டாக்டரிடம் போய்த் திரை பார்க்கலாமா என்று கேட்டு, தினம் அரை மணி நேரம் பார்க்கலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அதுதான் அவர்.

முதல் நாள் நாங்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றோம். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்துச் சரி செய்தார். திரையில் இருக்கும் கண்ணாடியைத் திருத்தினார். மஞ்சள் விளக்குக்கே நின்றார். கிழவி ஒருத்தி ஏறினால், அவள் உட்காரும்வரை வண்டியை எடுக்கவில்லை.

“அண்ணே, அது பொம்மை பஸ்ஸுண்ணே!” என்று கிரீஸ் தலையில் அடித்துக்கொண்டான். “பிளாட்பாரத்து மேல ஏத்துங்க, ஒரு ஜாலிக்கு!”

“ஆள் நிக்குது பாருடா” என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேமில் இருப்பது ஏதோ ஒரு ஊர். ஆனால் எங்கள் நிறுத்தங்களின் பெயர்களை ஒரு சீட்டில் வரிசையாக எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். நான்காவது நிறுத்தம் ஆஸ்பத்திரி. ஓட்டம் முடிந்ததும் திரையில் கணக்கு வரும். தவறிய நிறுத்தம்: பூஜ்யம். அதை நான் பலகையின் பின்பக்கத்தில் எழுதுவேன். ஏழு மாதமாக ஒரே பூஜ்யம். திங்கட்கிழமைகளில் அவரும் தன் பங்குக்கு எழுதுவார். “பஸ் கேம். பிரேக் கொஞ்சம் லேட்டா பிடிக்குது. மழை நல்லா பெய்யுது.” இன்னொரு வாரம்: “யாரும் திட்டல. யாரும் கதவுல தொங்கல. அதுதான் போரடிக்குது.” ஒரு வாரம் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: “உள்ளே கண்ணாடி இருக்கு. அதுல யாரும் என்னைப் பார்க்கிறதில்ல.” அதைப் படித்துவிட்டு அன்று யாரும் கிண்டல் செய்யவில்லை.

பரிசோதனைக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. ஒரு பச்சைக் குடையைத் தேடி யாரோ போன் செய்தார்கள் என்று கேட்க, சாப்பாட்டு நேரத்தில் அவர் அறைக்குப் போனேன். கையில் அவருக்கும் சேர்த்து டீ இருந்தது. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். திரையில் நான்காவது நிறுத்தம் வந்தது. நாலு பேர் கை காட்டி நின்றார்கள். வண்டி நிற்கவில்லை. நேராகப் போனது.

விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே டீயை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். “என்னண்ணே, ஆஸ்பத்திரியை விட்டுட்டீங்க? அண்ணிகிட்ட சொல்லவா?” என்றேன். பதில் இல்லை. “அண்ணே!” கண் திறந்திருந்தது. கை ஸ்டியரிங் மேலேயே இருந்தது. உதடு மட்டும் எதையோ மெல்லுவதுபோல் அசைந்தது. “அண்ணே!” பத்து நொடி இருக்கும். பிறகு அவர் மூச்சை இழுத்து விட்டு, பிரேக்கில் காலை வைத்து, “அடுத்தது ஆஸ்பத்திரி” என்றார்.

ஆஸ்பத்திரி எப்போதோ பின்னால் போயிருந்தது.

ஓட்டம் முடிந்து திரையில் கணக்கு வந்தது. தவறிய நிறுத்தம்: ஒன்று. அதை வெகுநேரம் பார்த்தார்.

“இது கேம்ல ஏதோ தப்பு” என்றார்.

“ஆமாண்ணே” என்றேன். “கம்ப்யூட்டர் நின்னு நின்னு ஓடுச்சு. நான்கூடப் பார்த்தேன்.”

கூசாமல் பொய் சொன்னேன். முப்பத்தெட்டு நாள்தானே. இதோ இருக்கிறது, கைக்கு எட்டுகிற தூரம். அண்ணி அடித்துவைத்திருக்கும் காலண்டர் என் கண் முன்னால் நின்றது. வேறு என்ன சொல்வேன்?

அவர் டீயைப் பார்த்தார். “இதை எப்ப வச்ச?”

“இப்பத்தான்.”

“என் கை பக்கத்துலயா?”

அவர் கப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறிப்போகல” என்று மட்டும் சொன்னார். பச்சைக் குடையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து பலகையின் பின்பக்கத்தில், அன்றைய தேதிக்கு நேராக, என் கையால் பூஜ்யம் என்று எழுதினேன். பதினெட்டு வருடத்தில் அந்தப் பலகையில் நான் எழுதிய ஒரே பொய் அது.

மறுநாள் காலை அவர் வேலைக்கு வரவில்லை. பதினொரு மணிக்கு வந்தார். நேராக ஓய்வறைக்குள் நுழைந்து பலகையின் பின்பக்கம் போய் நின்றார். என் பூஜ்யத்தை உள்ளங்கையால் அழித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே எனக்குச் செருப்படியாக இருந்தது. பிறகு பலகையின் முன்பக்கத்துக்கு வந்து, மூலையில் இருக்கும் அந்தக் கட்டத்தில், நிதானமாக எழுதினார். “17. ஆஸ்பத்திரி. நாலு பேர்.” கீழே கையெழுத்துப் போட்டார்.

கிரீஸ்தான் எழுந்தான். அவனுக்கு விஷயம் புரியவில்லை. “அண்ணே, அது விளையாட்டுண்ணே. இதுல போய் எழுதுறீங்களே!”

“நாலு பேர் கை காட்டிட்டு நின்னாங்கடா” என்றார் அண்ணன். “நான் அங்க இல்ல.”

“அங்க இல்லன்னா?”

“டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். திரும்ப ஒண்ணாம் நாள்லேருந்து.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “யாரு கேட்டா உங்களை? ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இருந்தீங்களே, நான் வாயை மூடிட்டுத்தானே இருந்தேன்! பத்தே பத்து நொடிண்ணே!” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“பத்து நொடில நான் எவ்வளவு தூரம் போவேன்னு உனக்குத் தெரியாதா?” என்றார். குரலில் கோபமே இல்லை. “நிஜ வண்டில பின்னாடி அறுபது பேர் இருப்பாங்க டூட்டியம்மா. உன் அண்ணியும் இருப்பா.”

அதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று மணிக்கு நான் கிளம்பியபோது அவரும் கூடவே வந்தார். பதினேழில் ஏறினார். வண்டி ஓட்டுவது நின்றதிலிருந்து அவர் அதில் பயணியாக ஏறியதே இல்லை. நடந்தோ வேறு நம்பரிலோதான் வீட்டுக்குப் போவார். மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். நிமிர்ந்து, டிரைவர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இங்கேருந்து கண்ணு மட்டும்தான் தெரியுது” என்றார், திரும்பாமல். “இத்தனை வருஷமா அவ முழு மூஞ்சியையும் நான் பார்த்தேன். அவளுக்கு என் கண்ணு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.”

ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கியது. அவர் வலது கால் மெல்லத் தரையை அழுத்தியது. வண்டி நின்றது. நீலச் சலவை உடுப்போடு அண்ணி ஏறினார். இரண்டடி வைத்தவர் தன் சீட்டில் யார் என்று பார்த்து அப்படியே நின்றுவிட்டார். “உள்ள போங்கம்மா” என்றான் புது டிரைவர். அண்ணி நகரவில்லை. இந்த நேரத்தில், இந்த வண்டியில், அந்த சீட்டில் அவர் இருக்கிறார் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முகம் வாடிப்போனது. பிறகு வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

“முதல்லேருந்தா?”

“முதல்லேருந்து.”

அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, தள்ளுங்க. ஜன்னல் சீட் என்னோடது.”

அண்ணன் எழுந்து வழி விட்டார். அண்ணி உட்கார்ந்ததும், பழக்கத்தில், ஒருமுறை நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம் கழுத்தைத் திருப்பிப் பக்கத்தில் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஒரே வண்டியில் போனவர்கள், அதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இருவருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை.