தேவராசா அண்ணையின் முதற் பரிசு

குருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர் தேவராசா அண்ணை. பதினைந்து வயதில் வள்ளம் ஏறியவர், ஐம்பத்தெட்டு வயதுவரை இறங்கவில்லை. போன கார்த்திகையில் பாரிசவாதம் வந்து வலது கையைச் செயலற்றதாக்கிவிட்டது. கால் தப்பியது. வாயும் தப்பியது. வாயைக் கொஞ்சம் தொட்டிருந்தாலும் குற்றமில்லை என்று அவருடைய மனைவி லூர்த்தம்மா அக்கா சொல்லுவார். அது அவர்கள் குடும்ப விசயம், நான் தலையிடுவதில்லை.

வள்ளம் லூர்த்தம்மா அக்காவின் தம்பி கொலின்சுடையது. அவன் நல்ல பிள்ளை. வீட்டுக்கு வந்து சொன்னான்:

"அத்தான், உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் உங்கடை இடத்தை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். அதுக்குள்ளை கை வந்தால் ஏறுங்கோ. வராட்டில் றொகானைத்தான் ஏத்தவேணும். அவனும் பிள்ளைகுட்டிக்காரன்."

"உயிர்ப்புக்கு முதலே வருவன், போடா," என்றார் அண்ணை. கை மடியில் கிடந்தது.

அந்த நேரம்தான் ஒரு தொண்டு நிறுவனம் பக்கத்து ஒழுங்கையில் கைப்பணி நிலையம் திறந்தது. வாசலில் பெரிய பதாகை. பொழுதுபோக்குக்கும் அறிவுக்கும் உடல், உள நலத்துக்கும் கைப்பணி என்று எழுதியிருந்தது. இத்தனையும் ஒரே மண்டபத்தில், செவ்வாயும் வெள்ளியும், தேத்தண்ணியோடு. மாதா கோயில் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்ததால் அண்ணையோடு நானும் போனேன். விழுந்தது ஆண்டவர் வீட்டுப் படியில். ஆர்மேல் குறை சொல்வது?

அங்கே முப்பது பேர். இருபத்தெட்டுப் பேர் பெண்கள். ஓலைப்பெட்டி, கம்பளிப் பூ, மணி கோர்த்தல். நடத்தியவள் வினோஜா மிஸ். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் எப்போதும் ஒரு குறிப்புப் புத்தகம்.

"ஐயா, இந்த மணியளைக் கோர்த்துப் பாருங்கோ. விரல் இளகும்."

"பிள்ளை, சுறா இழுத்த கையாலை நான் மணி கோக்கிறதோ?"

"சுறாவையும் இழுக்கலாம் ஐயா. முதல் மணியைப் பிடியுங்கோ."

வலது கையால் பிடித்தார். மணி விழுந்தது. மீண்டும் பிடித்தார். கிண்ணமே கவிழ்ந்து மண்டபம் முழுக்க ஓடியது. இருபத்தெட்டுப் பெண்களும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தோம். அன்போடு செய்த அந்த உதவியைப் போல அவமானம் அவருக்கு வேறு ஒன்றும் இருந்திருக்காது.

அடுத்த வகுப்புக்கு வீட்டிலிருந்து வலைநூல் கொண்டுவந்தார். மணி வேண்டாம், முடிச்சுப் போட்டே செபமாலை செய்கிறேன் என்றார். ஆணியில் நூலைக் கொளுவி, ஒரு நுனியைப் பல்லால் கடித்து, இடது கையால் முடிச்சுப் போட்டார். வலது கை மேசைக்குக் கீழே இளைப்பாறியது. ஒரு கை வள்ளத்தைப் பிடித்திருக்க மற்றக் கையால் கயிறு கட்டிப் பழகிய மனிதருக்கு இது ஒரு வேலையா? ஐம்பத்தொன்பது முடிச்சும் மிளகு போல ஒரே அளவு.

வினோஜா மிஸ் வகுப்பு முடிய வந்து மாலைகளை எண்ணுவாள். புத்தகத்தில் "முன்னேற்றம்: மிக நன்று" என்று எழுதுவாள். நிறுவனத்துக்கு அனுப்ப எண்ணிக்கைதான் வேண்டுமாம். கையை எண்ண அதில் இடமில்லை.

லூர்த்தம்மா அக்கா மதிலுக்கு மேலால் கேட்டார்:

"மேர்சி, மனுசன் வீட்டிலை கோப்பை தூக்கிறதும் இடக்கை, சட்டைத் தெறி பூட்டிறது நான். அங்கை மிக நன்றாம்! அது ஆரின்ரை கை?"

நான் பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கண்டவள்தான். ஆனால் புறம் பேசுவது பாவம். அதனால் அண்ணைக்காக நாளாந்தம் பத்து முடிச்சுச் செபம் சொன்னேன், அவர் செய்த மாலையிலேயே.

தவக்காலத்தின் ஐந்தாம் கிழமை கண்காட்சி வைத்தார்கள். இருபத்தாறு செபமாலை. பங்குத்தந்தை சுவாமிதான் பிரதம விருந்தினர். முதற் பரிசு தேவராசா அண்ணைக்கு, ஒரு சுவர் மணிக்கூடும் சான்றிதழும். முன்வரிசையில் கொலின்ஸ் இருந்தான்.

"அத்தானுக்குக் கை வந்திட்டுது," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னான். "உயிர்ப்பு முடிஞ்ச செவ்வாய்க்கிழமை ஏத்திறன். றொகானுக்கு வேண்டாம் எண்டு சொல்லியாச்சு."

மேடையில் சுவாமி இரண்டு கையாலும் மணிக்கூட்டை நீட்டினார். அண்ணை அசையவில்லை. சுவாமியின் கையிலிருந்து இடது கையால் வாங்குவதா? எங்கள் ஊரில் கடலை வாங்கினாலும் அப்படி வாங்கமாட்டோம். அறிவிப்பாளர், காது கேட்கவில்லை என்று நினைத்துப் பெயரை இன்னொரு முறை உரக்கச் சொன்னார். படம் எடுத்தவன், "ஐயா, இஞ்சாலை பாத்துச் சிரியுங்கோ," என்றான்.

அண்ணை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, நங்கூரம் தூக்குவது போலத் தூக்கி, மணிக்கூட்டுக்குக் கீழே வைத்தார். சுவாமி கையை எடுத்தார். மணிக்கூடு கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது.

"சந்தோசத்திலை கை நடுங்குது," என்று யாரோ சொல்ல, சனம் எழுந்து கை தட்டியது.

வினோஜா மிஸ் மட்டும் தட்டவில்லை. அண்ணை இறங்கி வந்ததும் கேட்டாள்:

"ஐயா, இருபத்தாறு மாலையும் எந்தக் கையாலை?"

"ஆண்டவர் தந்த கையாலை."

"ரெண்டையும் அவர்தானே தந்தவர். எதாலை?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மேர்சி அன்ரி, பக்கத்திலை இருந்த நீங்கள் காணேல்லையோ?"

"கண்டனான் பிள்ளை. அவருக்காகச் செபிச்சனான்."

"செபிச்சதோடை எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு, "நானும் மேசைக்குக் கீழை ஒருக்காக் குனிஞ்சு பாத்திருக்கலாம்," என்று புத்தகத்தை மூடினாள்.

அப்போது கொலின்ஸ் வந்து அண்ணையின் தோளில் தட்டினான்.

"செவ்வாய் விடியப்புறம் வாறியள்தானே, அத்தான்?"

சான்றிதழ் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது. ஓம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சனம் இன்னொரு முறையும் கை தட்டியிருக்கும். அண்ணை அதை இடது கையால் உள்ளே தள்ளினார்.

"றொகானை ஏத்து. எனக்குக் கை வரேல்லை. நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை, அவ்வளவுதான்."

கொலின்ஸ் அந்தக் கையைப் பார்த்தான். றொகானைத் தேடிப் போனான்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. ஆண்டவர் உயிர்த்தார், கை உயிர்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை வள்ளம் றொகானோடு போனது. அண்ணை வகுப்புக்கு வந்தார். வினோஜா மிஸ் தன் சால்வையால் அவருடைய இடது கையைக் கதிரையோடு கட்டினாள். மேசையில் நூல் இல்லை, வலது கைக்குப் பெருவிரல் தடிப்பில் ஒரு கயிறு. விழுந்தது. எடுத்தார். விழுந்தது. ஒருவரும் குனிந்து எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று மிஸ் கட்டளை. இருபத்தெட்டுப் பெண்கள் உதவி செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் அறிந்தோம்.

மத்தியானம் ஆகும்போது கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்தது. எந்த மீனவனும் தன்னுடையது என்று சொல்லமாட்டாத முடிச்சு. மிஸ் அவிழ்க்கக் கை நீட்டினாள்.

"விடு பிள்ளை," என்றார் அண்ணை. நெற்றியால் வியர்வை ஓடியது. "அவிழ்க்கவும் இந்தக் கைதான் பழகவேணும்."