தொட்டுக் காட்டினால்தான் கத்திரி

எக்ஸ்போர்ட் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆர்டர் கொடுத்தவர் தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டும்வரை கத்திரியை எடுக்க மாட்டாள். இங்கிலீஷை நம்பி ஒருமுறை ஆயிரம் பீஸை வீணாக்கியவள். பட்டது போதும் என்று அன்றைக்கு வைத்த விதி. இப்போதோ அதுவே அவளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

நானூறு வெஸ்ட் கேட்டு ஆர்டர் வந்தது. மேனேஜர் காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓடிவந்தார்.

"வெஸ்ட்னா பனியன்தானே அக்கா, வெட்டிடுங்க."

"எந்த ஊரு வெஸ்ட் சார்?" கேட்கும்போதே அவள் கண் மின்னியது. வீடியோ காலில் ஆர்டர் கொடுத்தவரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தாள். அவர் சட்டைக்கு மேலே நெஞ்சு நெடுக பட்டன் போடுவதுபோல விரலை ஓட்டினார். அவர் ஊரில் வெஸ்ட் என்றால் கை இல்லாத கோட்டு.

"நாம பனியன் அனுப்பியிருந்தா நானூறு பேரும் அதோடதான் ஆபீசுக்குப் போயிருப்பாங்க" என்றாள். தையல் மெஷின் வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் அசடு வழிந்தார்.

மறுநாள் வேறொரு நாட்டிலிருந்து முந்நூறு பேன்ட்ஸுக்கு ஆர்டர். அக்கா துள்ளி எழுந்தாள்.

"போனைப் போடுங்க சார்."

மேனேஜர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நானே விசாரிச்சுட்டேன் அக்கா. அந்த ஊர்ல பேன்ட்ஸ்னா ஜட்டி. தயவுசெஞ்சு அவரை மட்டும் தொட்டுக் காட்டச் சொல்லாதீங்க."