அல்சூரில் கார்டு மறுத்தபோது

தங்கை வீட்டு விசேஷத்துக்காகச் சேலத்திலிருந்து பெங்களூரு போயிருந்தோம். அங்கே என் மகளுக்குத் திடீரென மூச்சிரைப்பு வந்துவிட்டது. அல்சூரில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, "சீக்கிரம் வாங்கிட்டு வாங்கம்மா" என்றார்.

மருந்துக் கவுன்டரில் என் கிரெடிட் கார்டு வேலை செய்யவில்லை. மறுபடி தேய்த்தும் பலனில்லை. கையிலிருந்த பணம் ஆட்டோவுக்கே போயிருந்தது. தங்கை போனை எடுக்கவில்லை. பதற்றத்தில் இணையத்தில் வங்கியின் பெயரைத் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தேன்.

பேசியவர் பணிவாகக் கார்டு விவரங்களைக் கேட்டுக்கொண்டார். "பிளாக் ஆகியிருக்கு மேடம். இப்ப ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க. உடனே சரி பண்ணிடறேன்" என்றார். வந்தது. முதல் இரண்டு இலக்கங்களைச் சொல்லிவிட்டேன்.

பின்னால் நின்ற பெண் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பேட, வேண்டாம் அக்கா, சொல்லாதீங்க! பேங்க்ல யாரும் ஓடிபி கேக்க மாட்டாங்க."

"குழந்தை உள்ள மூச்சுக்குத் திணறுறாம்மா!"

"முதல்ல போனை கட் பண்ணுங்க. மருந்துக்கு நான் கட்டறேன்."

மகளுக்கு மூச்சு சீரான பிறகுதான் அந்தக் குறுஞ்செய்தியை முழுதாகப் படித்தேன். வேறொரு போனில் என் வங்கிக் கணக்குக்குள் நுழைவதற்கான எண் அது! கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வெளியூரில் அடுத்தடுத்துப் பயன்படுத்தியதால் சந்தேகப்பட்டு வங்கியே கார்டை நிறுத்தியிருந்ததாம். தவறிய அழைப்பைப் பார்த்துத் தங்கை வந்ததும் அந்தப் பெண்ணுக்குப் பணத்தைக் கொடுத்தோம்.

இப்போது வங்கியின் சரியான எண் என் போனிலும் கணவர் போனிலும் இருக்கிறது. ஊருக்குக் கிளம்பினால், மகளின் மருந்தோடு கொஞ்சம் ரொக்கத்தையும் ஒரே பையில் வைத்து, அதை என் தோளிலேயே மாட்டிக்கொள்கிறேன்.